கம்பஸ் கிடைத்துவிட்டது, தங்குவதற்குப் போர்டிங்?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விடுதிகள் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. கொழும்பில் கதை வேறு. கம்பஸைச் சுற்றி நகரம்தான். நம் பிள்ளைகள் பலரும் முதலில் தமிழர் அதிகம் வாழும் வெள்ளவத்தையில்தான் அறை தேடுவார்கள். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, வாடகைதான் கடிக்கும். மொரட்டுவைக் கம்பஸுக்குப் போகிறவர்கள், அது இருக்கும் கட்டுபெத்தைப் பக்கமே தங்குவது நல்லது. வெள்ளவத்தையிலிருந்து போய்வரக் காலி வீதியில் 100, 101 பஸ் ஓடுகிறதுதான். மாலை நெரிசலில் தொங்கிக்கொண்டு வந்து பாருங்கள், புரியும்.

அறை பார்க்கப் பகலில் மட்டும் போகாதீர்கள். இரவிலும் ஒருதடவை போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன், கரண்ட் பில் யார் தலையில், கேற்றை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. பரீட்சைக்கு முதல்நாள் இரவு கேற்றுக்கு வெளியே நின்றேன்; வீட்டுக்கார அன்ரி நல்ல நித்திரை.