புரியாத நாவல்களோடு நான் போட்ட சண்டை: நீங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் விமர்சகன் இல்லை. தூங்கப்போகும் முன் இருபது பக்கம் படிக்கிற ஆள். வழக்கமான வடிவத்தில் இல்லாத நாவல்களிடம் பலமுறை தோற்றிருக்கிறேன். பெரும்பாலும் தவறு என் வாசிப்பு முறையில்தான்.

முதல் தவறு, ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று தேடியது. தொடர்கதையில் பழகிய கண் அப்படித்தான் பக்கங்களைத் தாவும். இந்த வகை நாவல்களில் கேட்க வேண்டியது வேறு: இப்போது பேசுவது யார், எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறார்?

எனக்கு இதை உறைக்க வைத்தது அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரின் ‘தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி’ (1929). முதல் பகுதியைச் சொல்லும் பெஞ்சிக்கு வயது 33, மனவளர்ச்சி குன்றியவன். நேற்று, இன்று என்ற பிரிவே அவனிடம் கிடையாது. வேலியில் துணி மாட்டினால் போதும், சின்ன வயதில் அப்படி மாட்டிக்கொண்ட நாளுக்கு அடுத்த வரியிலேயே போய்விடுவான். போதாததற்கு க்வென்டின் என்ற பெயரில் இரண்டு பேர். ஒருவன் மாமன், ஒருத்தி அவனுடைய தங்கை மகள். இருவரையும் ஒரே ஆளாக நினைத்துக் குழம்பி, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காலம் மாறும் இடங்களை வெவ்வேறு நிற மையில் அச்சிட ஃபாக்னரே ஆசைப்பட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படி ஒரு பதிப்பு 2012இல்தான் வந்தது, அவர் இறந்து ஐம்பது ஆண்டு கழித்து. எழுதியவருக்கே கலர் தேவைப்பட்டிருக்கிறது, நமக்குக் குழம்பினால் என்ன வெட்கம்? அடுத்த முறை பென்சிலோடு உட்கார்ந்தேன். காலம் தாவுகிற இடத்தில் ஓரமாக ஒரு கோடு, பக்கத்தில் யார் பெயர் என்று ஒரு குறிப்பு. அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

அடுத்தது, ஒவ்வொரு பெயரையும் நிறுத்தித் தேடுவது. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) படிக்கும்போது ஜோசஃப் ஜேம்ஸ் என்ற அந்த மலையாள எழுத்தாளரை நான் நிஜமாகவே தேடினேன். அவர் இறந்த நாள் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள் என்று முதல் வரியிலேயே வந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்! காம்யு நிஜம், 1960 ஜனவரி 4 நிஜம், ஜே.ஜே. மட்டும் கற்பனை. வாழ்க்கை வரலாறு போலவும் நாட்குறிப்பு போலவும் வேஷம் கட்டி வருவதுதான் அந்த நாவலின் விளையாட்டு. நான் சரிபார்ப்பு வேலையில் இறங்கி அந்தச் சுவையைக் கோட்டை விட்டேன். முதல் தடவை தெரியாத பெயர்களைத் தாண்டிப் போய்விடுங்கள். முக்கியமான பெயர் எப்படியும் திரும்ப வரும்.

முன்னுரையை முதலில் படிப்பதும் வேண்டாம். பாதி முன்னுரைகள் நாம் என்ன நினைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன.

முழுதாக, வரிசையாக முடித்தால்தான் படித்த கணக்கு என்ற பிடிவாதமும் ஒரு தவறுதான். அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸாரின் ‘ஹாப்ஸ்காட்ச்’ (1963), தமிழில் சொன்னால் பாண்டி ஆட்டம், 155 அத்தியாயங்கள் கொண்டது. முதல் 56ஐ நேராகப் படித்து நிறுத்திக்கொள்ளலாம், அல்லது 73இல் தொடங்கித் தான் தரும் வரிசையில் தாவலாம் என்று அவரே சொல்கிறார். தாவிப் போனால் கடைசியில் 131க்கும் 58க்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதில் ‘முடித்துவிட்டேன்’ என்று எந்தப் பக்கத்தில் சொல்வது?

அதற்காக இருபதாவது பக்கத்திலேயே தூக்கிப் போடாதீர்கள். அந்த நடை காதில் பழகவே அறுபது எழுபது பக்கம் ஆகும் என்பது என் அனுபவம். அப்போதும் ஒட்டவில்லையா, மூடிவிடுங்கள். ஃபாக்னரை நான் இரண்டாம் முறை எடுத்தது நான்கு வருடம் கழித்து.