வீட்டில் படுத்திருப்பவரை வீடியோ காலில் டாக்டரிடம் காட்டுவது எப்படி?

குணப்படுத்தும் சிகிச்சையை நிறுத்திவிடலாம், இனி வலியில்லாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானதும் குடும்பத்தைப் பிடித்துக்கொள்ளும் பயம் ஒன்று: ராத்திரியில் ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டால் திருவொற்றியூருக்குக் கிளம்பிய சிஸ்டரின் வண்டியும் நிற்கும். அப்போது வீடியோ கால் பெரிய துணை. ஆனால் நேரில் வந்து பார்க்க ஒரு குழு இருக்க வேண்டும். இன்னும் இல்லையென்றால், உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சிகிச்சையும் (குணமாகாத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பு) உண்டு.

படி 1: படுத்திருப்பவரிடம் கேளுங்கள்

“அப்பா, சிஸ்டர் போன்ல பார்க்கணுமாம், காட்டட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் கேமராவைத் திருப்ப வேண்டும். போர்வையைச் சரிசெய்யுங்கள், வேடிக்கை பார்ப்பவர்களை வெளியே அனுப்புங்கள். டாக்டரிடம் ஒருவர் மட்டும் பேசினால் போதும்.

படி 2: ஒரு தாளில் எழுதி வையுங்கள்

என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு, கடைசியாக எப்போது மலம் கழித்தார். கடைசிக் கேள்விக்குக் கூச்சப்பட வேண்டாம். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மலத்தைக் கட்டும், டாக்டர் கட்டாயம் கேட்பார்.

படி 3: காட்டுவது

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். காசிமேடு, ராயபுரம் சந்து வீடுகளில் பகலிலும் வெளிச்சம் குறைவு. டியூப்லைட்டைப் போட்டு, இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். வாசலுக்கோ ஜன்னலுக்கோ முதுகு காட்டி உட்கார வைத்தால் முகம் கறுப்பாகத்தான் தெரியும். செல்ஃபி கேமராவை விட்டு, பின்பக்கக் கேமராவில் காட்டுங்கள்.

படுக்கைப்புண் என்றால் பக்கத்தில் துணிமேல் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள், புண்ணின் அளவு புரியும். மூச்சு வாங்குகிறது என்றால் நெஞ்சும் வயிறும் தெரியும்படி ஒரு முழு நிமிடம் ஆடாமல் பிடியுங்கள், நீங்களும் பேசாதீர்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாதவரின் வலி, திருப்பிப் படுக்க வைக்கும்போது புருவம் சுருங்குவதிலும் கை இறுகுவதிலும் தெரியும். அந்த நேரத்து முகத்தைக் காட்டுங்கள்.

சிக்னல் வாசல்படியில்தான் கிடைக்கிறதா? உள்ளே சின்ன வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு, வாசலில் நின்று சாதாரணக் காலில் பேசுங்கள். அனுப்பியதும் போனிலிருந்து அழித்துவிடுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அது சுற்றக் கூடாது.

படி 4: மார்ஃபின் தீரும் முன்பே

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகளின்படி மார்ஃபின் போன்ற மருந்துகளை வீடியோவில் பார்த்து எழுதித்தர முடியாது. ஒரு வார மருந்து மிச்சம் இருக்கும்போதே சொல்லி, நேரில் வாங்க ஏற்பாடு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி பாட்டில் காலியானால் வேதனைப்படுவது அவர்தான்.

படி 5: வெளியூர்ப் பிள்ளைகள்

குவைத்தில் இருக்கும் மகனுக்குத் தனியாக வீடியோ கால் போடுங்கள். “யார்னு சொல்லு பார்க்கலாம்” என்று படுத்திருப்பவருக்குப் பரீட்சை வைக்காதீர்கள். அவர் கண் திறக்காவிட்டாலும் போனைக் காதருகே வையுங்கள், மகன் பேசட்டும். காது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

தூரத்தில் இருப்பவர்கள்தான் “டியூப் போட்டாவது சாப்பாடு கொடுங்க” என்று அழுத்துவார்கள். பாசத்தில் சொல்வது அது. ஆனால் ராவும் பகலும் கூடவே இருந்து பார்க்கும் அம்மாவுக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்கிறது. டாக்டரின் காலில் மகனையும் ஒருமுறை சேர்த்துவிடுங்கள். உடல் அடங்கும்போது பசியும் அடங்கும் என்பதை அவர் வாயால் சொல்லக் கேட்டால் மனசு ஏற்கும். அம்மாவைப் பார்த்து “நீங்க தூங்கினீங்களாம்மா?” என்று கேட்கவும் டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.

படி 6: கடைசி நாட்கள்

தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் பதறாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, டாக்டருக்குக் கால் செய்து அந்தச் சத்தத்தைக் கேட்க வையுங்கள். சொந்தக்காரர்கள் பால் ஊற்றச் சொல்வார்கள். விழுங்க முடியாதவருக்கு அது புரையேறும். பஞ்சில் தொட்டு உதட்டை நனைத்தால் போதும்.

உயிர் பிரிந்தால் யார் நேரில் வந்து பார்த்துச் சான்று எழுதித் தருவார்கள் என்பதை முன்பே கேட்டு, அந்த நம்பரை மருந்து டப்பாவின் மூடியில் ஒட்டி வையுங்கள்.