பேலியோவுக்கு 14 நாள் லீவு விடுவது எப்படி?

சோறு, இட்லி போன்ற மாவுச்சத்தைக் குறைத்து, நெய், பாதாம் போன்ற கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் டயட்தான் பேலியோ. மாதக்கணக்கில் அதில் இருந்து, எடை இறங்குவது நின்றுபோயிருக்கலாம். அல்லது பண்ருட்டிப் பலா வண்டி வண்டியாகக் கடலூருக்கு வந்து இறங்கிக்கொண்டிருக்கலாம். இடைவேளை விட இரண்டுமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் பெரும்பாலானவர்களின் இடைவேளை ஒரே இடத்தில்தான் கெடுகிறது: சோறு தட்டுக்கு வந்துவிடும், நெய் மட்டும் குறையாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். டயட்டில் இருந்தபோது மருந்தின் அளவு குறைக்கப்பட்டிருந்தால், சோற்றுக்குத் திரும்பியதும் அது போதாமல் போகும்.

1. தேதி குறியுங்கள்

14 நாள். முடியும் நாளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். முதல் நாள் காலை வெறும் வயிற்றில் எடையையும், தொப்புளுக்கு நேராக இடுப்புச் சுற்றளவையும் எழுதி வையுங்கள்.

2. சோற்றுக்கு முன்னால் கொழுப்பைக் குறையுங்கள்

200 கிராம் சோறும் இரண்டு மேசைக்கரண்டி நெய்யும் ஏறக்குறைய ஒரே கலோரி, சுமார் 250. ஒன்று உள்ளே வந்தால் மற்றது வெளியே போக வேண்டும். காலையில் சாப்பிடும் 100 பாதாமைக் கவனியுங்கள். அதுவே 700 கலோரியைத் தொடும். அதோடு நாலு இட்லியும் சேர்ந்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்? பட்டர் டீயையும் இந்த இரண்டு வாரம் நிறுத்துங்கள். மீன், முட்டை, கீரை அப்படியே இருக்கட்டும்.

3. மெதுவாக ஏற்றுங்கள்

முதல் மூன்று நாள் மதியம் மட்டும் சோறு. வடித்த சோற்றைத் தராசில் வைத்து 180 கிராம் எடுங்கள். அதில் சுமார் 50 கிராம் கார்ப் (மாவுச்சத்து). மாப்பிள்ளைச் சம்பாவானாலும் கார்ப் பெரிதாகக் குறையாது, அளவு அதேதான். முதலில் சங்கரா மீனையும் காயையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை சட்டென்று எகிறாது.

நாலாம் நாளிலிருந்து மொத்தம் 130 முதல் 150 கிராம் கார்ப். காலையில் மூன்று இட்லி, சாம்பார், இரண்டு முட்டை. மதியம் அதே 180 கிராம் சோறு, மீன் குழம்பு, கீரை. மாலையில் கொட்டை நீக்கிய பலாச்சுளை 100 கிராம் (கார்ப் சுமார் 23 கிராம்). இரவு பழைய பேலியோ சாப்பாடே. புதுச்சேரி பேக்கரி ரொட்டி வேண்டுமென்றால் 80 கிராம் போதும், அன்றைக்கு மதியச் சோறு கிடையாது. பீச்சோரப் பஜ்ஜி வேண்டவே வேண்டாம்; மாவும் எண்ணெயும் ஒன்றாகச் சேர்ந்த பண்டம் அது.

சுண்டல், பயறு வகைகளை முதல் வாரம் அரைக் கப்போடு நிறுத்துங்கள். பல மாதம் பழகாத வயிறு, உப்பிக்கொள்ளும்.

4. தராசைப் பார்த்துப் பதறாதீர்கள்

நாலைந்து நாளில் ஒன்று முதல் இரண்டு கிலோ ஏறும். அது கொழுப்பு அல்ல. கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கின்றன. இன்சுலின் கூடுவதால் சிறுநீரகமும் உப்பை வெளியேற்றாமல் தேக்கும். பேலியோவுக்காகக் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்த உப்பை அதனால் இப்போது நிறுத்துங்கள். இதைப் பார்த்துப் பயந்து ஐந்தாம் நாள் பட்டினி கிடப்பவர்கள், ஏழாம் நாள் பிரியாணியில் போய் விழுகிறார்கள். அந்த ஏற்றத்தை அப்படியே விட்டுவிடுங்கள். இடுப்பளவு கூடினால்தான் சாப்பாட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

முதல் சில நாள் சாப்பிட்டபின் ரத்தச் சர்க்கரை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம். குறைந்த கார்ப்புக்குப் பழகிய உடம்பு அது. குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை இருந்தால், அதற்கு முன் குறைந்தது மூன்று நாளாவது தினம் 150 கிராம் கார்ப் சாப்பிட்டிருக்க வேண்டும்.

5. திரும்பும் நாள்

15ஆம் நாள் சோற்றையும் இட்லியையும் ஒரேயடியாக நிறுத்துங்கள். தலைவலி, சோர்வு வருவது தண்ணீரோடு உப்பும் வெளியேறுவதால். எலுமிச்சை ஜூஸில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, இரண்டு வேளையாகப் பிரித்துக் குடியுங்கள். பிபி, இதய, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டபிறகுதான். அந்த வாரம் இறங்கும் ஒன்றிரண்டு கிலோவும் ஏறிய அதே தண்ணீர்தான். 22ஆம் நாள் காலை எடையையும் இடுப்பையும் அளந்து, முதல் நாள் கணக்கோடு ஒப்பிடுங்கள்.