டேட்டா மெர்ஜ்: அச்சுக்கு அனுப்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி அடையாள அட்டை, பங்கேற்புச் சான்றிதழ், அழைப்பிதழ் உறைமேல் ஒட்டும் முகவரிச் சீட்டு ஆகியவற்றில் வடிவமைப்பு ஒன்றே. விவரங்கள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. இத்தகைய வேலைகளுக்காகவே, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், பட்டியலில் உள்ள விவரங்களை ஒரே வடிவமைப்பில் ஆளுக்கொன்றாக நிரப்பித் தரும் டேட்டா மெர்ஜ் இருக்கிறது. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7-இலேயே இந்த வசதி இருந்தது. கோரல்டிரா மென்பொருளில் இதைப் பிரின்ட் மெர்ஜ் என்பார்கள். பெயர்களை ஒவ்வொன்றாக ஒட்டிய காலத்தில் ஒரு தவறு ஓர் அட்டையோடு நின்றுவிடும். மெர்ஜ் செய்யும்போதோ ஒரே தவறு 600 அட்டைகளிலும் ஏறிவிடுகிறது. அந்த அட்டையை ஒரு குழந்தை ஆண்டு முழுவதும் கழுத்தில் அணியப்போகிறது என்பதை நினைத்தால், இங்கே காட்டும் கவனம் வீணாகாது.

இந்தத் தவறுகளில் பெரும்பாலானவை இன்டிசைனைத் திறப்பதற்கு முன்பே, எக்செல் பட்டியலில் நடந்துவிடுகின்றன. எக்செல் தனக்குத் தெரிந்தபடி எண்களைத் திருத்திக்கொள்ளும். 04562 என்று தொடங்கும் சிவகாசித் தொலைபேசி எண்ணைத் தட்டினால் முன்னால் உள்ள சுழியத்தை நீக்கிவிடும். கதவு எண் 5/12 என்றால், நாள்-மாத வரிசையில் இயங்கும் கணினியில் டிசம்பர் மாதத்து ஐந்தாம் தேதியாக்கிவிடும். 12 இலக்க எண்ணைச் சுருக்கி அறிவியல் குறியீட்டில் காட்டும்; அந்த நிலையில் சிஎஸ்வி கோப்பாக (நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் உரைக் கோப்பு) சேமித்தால், திரையில் தெரிந்த சுருக்கமே கோப்பிலும் பதிவாகும். மாணவர் எண் 16 இலக்கமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். பிறகு கட்டத்தின் வடிவத்தை எப்படி மாற்றினாலும் இழந்த இலக்கம் திரும்பாது. எனவே விவரங்களை உள்ளிடுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். உள்ளிட்ட பிறகு மாற்றிப் பயனில்லை.

பிறந்த தேதியைத் தனியாகவே சொல்ல வேண்டும். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், ஜூலை 3-ஐக் குறிக்கும் 03-07-2012 என்ற பதிவை எக்செல் மார்ச் 7 என்று எடுத்துக்கொள்ளும். 15-07-2012 என்பதில் பதினைந்தாம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். பின்னர் யாராவது அந்த நெடுவரிசையை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைக்கு மாற்றினால், முதல் குழந்தையின் பிறந்த நாள் 07-03-2012 என்று அச்சாகும். இரண்டாவது குழந்தையின் தேதி சரியாகவே இருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு இது அகப்படாது. ஆனால் ஓர் அடையாளம் உண்டு: ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் கட்டத்தின் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால், அவற்றில் ஒரு பகுதியை எக்செல் தேதியாகவும் மறு பகுதியை எழுத்தாகவும் படித்திருக்கிறது என்று பொருள். அந்தப் பட்டியலை அப்படியே பயன்படுத்தாமல், மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வருவது அடுத்த இடர். எக்செலில் சாதாரண சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் யூனிகோடு எழுத்துகள் அழிந்துவிடும். 'யூனிகோடு டெக்ஸ்ட்' என்ற வகையில் சேமித்தால் யூடிஎஃப்-16 என்னும் யூனிகோடு குறியாக்கத்தில், டேப் பிரிப்பானோடு ஒரு கோப்பு கிடைக்கும். இன்டிசைன் அதைச் சிக்கலின்றிப் படிக்கும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல் வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. பாமினியில் 'இ' என்னும் எழுத்து காற்புள்ளியின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. ஆகவே நோட்பேடில் காற்புள்ளி இட்டுத் தயாரித்த கோப்பில் இளங்கோ, இந்துமதி போன்ற பெயர்களின் முதல் எழுத்தே நெடுவரிசைப் பிரிப்பானாகிவிடும். அந்த மாணவருக்கு மட்டும் வகுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பெயரும், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வகுப்பும் வந்து நிற்கும்.

கோப்பு சரியாக இருந்தும் 'செல்வி' என்ற பெயரில் கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்காமல் லகரத்தின் பக்கம் போய்விட்டால், குறை பட்டியலில் இல்லை. பத்தி அமைப்பில் இருக்கிறது. பெயர் வரும் பத்திக்கு, இந்திய மொழி எழுத்துகளைச் சரியாக அடுக்கும் 'வேர்ல்டு-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுத்து, அதை ஒரு பத்திப் பாணியாகச் சேமித்து, புலக்குறி (விவரம் வந்து நிரம்பும் இடத்தைக் காட்டும் குறி) முழுவதற்கும், அதன் இருபுறக் கோணக் குறிகள் உட்பட, அந்தப் பாணியை இட வேண்டும். புலக்குறியைக் கையால் தட்டச்சு செய்வதும் வேலைக்காகாது. டேட்டா மெர்ஜ் பலகத்தில் உள்ள பெயரைச் சொடுக்கித்தான் சேர்க்க வேண்டும்.

முகவரிக் கட்டத்துக்குள் ஆல்ட்-என்டர் தட்டி வரி பிரிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மெர்ஜ் அதைப் புதிய பதிவு என்று எடுத்துக்கொண்டு மொத்த வரிசையையும் குலைத்துவிடும். எக்செலின் தேடல் பெட்டியில் கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் மறைந்திருக்கும் வரிப்பிரிவுகள் எல்லாம் அகப்படும். தெரு, ஊர், அஞ்சல் குறியீடு என்று தனித்தனி நெடுவரிசைகளாக வைப்பது இதைவிடத் தெளிவான வழி. சிலருக்கு இரண்டாம் முகவரி வரி இருக்காது. வெற்று வரிகளை நீக்கும் வசதியை மெர்ஜ் உரையாடல் பெட்டியில் இயக்கினால் அந்த இடம் மூடிக்கொள்ளும். ஆனால் அந்த வரியில் புலக்குறிக்குப் பின் ஓர் இடைவெளி இருந்தால்கூட வரி நீங்காது.

புகைப்படங்களில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. படப் புலத்தின் தலைப்பு @ குறியோடு தொடங்க வேண்டும். எக்செல் அதை ஏற்க மறுத்தால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை இட்டால் போதும். படங்களும் தரவுக் கோப்பும் ஒரே கோப்புறையில் இருந்தால் கோப்பின் பெயரை மட்டும் எழுதலாம், ஆனால் அதன் பின்னொட்டையும் சேர்த்து எழுத வேண்டும். விண்டோஸ் பின்னொட்டை மறைத்து வைத்திருப்பதால், 1023 என்று தெரியும் படம் உண்மையில் ஜேபிஜி-யா, ஜேபெக்-கா என்பது தெரியாமல் போய்விடுகிறது. படங்களுக்கு மாணவர் பெயரை வைக்கவே கூடாது. ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திகாக்கள் இருந்த ஒரு பள்ளிக்கு நான் அட்டை செய்து கொடுத்தபோது, ஒருவர் படம் மற்றவர் அட்டையில் ஏறிவிட்டது. படம் காணாமல் போயிருந்தால் மென்பொருள் எச்சரித்திருக்கும். படம் இடம் மாறியதை அதனால் அறிய முடியாது. அன்றிலிருந்து சேர்க்கை எண்ணைத்தான் படத்தின் பெயராக வைக்கிறேன். மெய்ப்புத் தாளில் அட்டைக்கு வெளியே அந்த எண்ணையும் சிறிய எழுத்தில் வரச்செய்து, வகுப்பாசிரியர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன்.

ஒரு தாளில் பல அட்டைகளை அடுக்கும்போது, புதியவர்கள் அட்டையைப் பத்து முறை நகலெடுத்து வைத்துவிட்டு, ஒரே மாணவர் பத்து முறை வருகிறாரே என்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு அட்டையை இடது மேல் மூலையில் வைத்து, 'மல்டிபிள் ரெக்கார்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, இடைவெளியைக் குறிப்பிட்டால் மென்பொருளே அடுக்கிக்கொள்ளும். இதற்கு ஆவணத்தில் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான மாஸ்டர் பக்கத்தில் (புதிய பதிப்புகளில் 'பேரன்ட்' பக்கம்) புலக்குறிகள் இருக்கக் கூடாது.

வெட்டும் வரிசையை முன்கூட்டியே நினைக்காமல் விடுவதால் பைண்டிங் மேசையில் அரை நாள் வீணாகிறது. 86-க்கு 54 மில்லிமீட்டர் அட்டைகள் ஒரு ஏ4 தாளில் பத்து அமையும். 600 பேருக்கு 60 தாள்கள். வரிசை எண்படியே மெர்ஜ் செய்து, தாள்களை அடுக்கி இயந்திரத்தில் வெட்டினால், முதல் கட்டில் 1, 11, 21 என்று அட்டைகள் சிதறி வரும். பட்டியலை முன்பே மாற்றி, முதல் தாளில் 1, 61, 121, 181 என்று 541 வரை வருமாறு அமைத்தால், வெட்டியதும் முதல் கட்டு 1 முதல் 60 வரை, அடுத்த கட்டு 61 முதல் 120 வரை என ஒழுங்காகக் கிடைக்கும்.

மாதிரி அட்டையைக் 'கலா' போன்ற சிறிய பெயரை வைத்து வடிவமைத்துவிட்டு, சிவசுப்பிரமணியன் வந்ததும் பெயர் பெட்டிக்குள் அடங்காமல் மறைந்துபோவதும் வழக்கமாக நடக்கிறது. பட்டியலிலேயே மிக நீளமான பெயரை வைத்துப் பெட்டியின் அளவை முடிவு செய்ய வேண்டும். மெர்ஜ் முடிந்ததும் மென்பொருள் தரும், அடங்காத உரைகளின் அறிக்கையைப் படிக்காமல் மூடிவிடக் கூடாது.

மெர்ஜ் ஆன ஆவணத்துக்கும் பட்டியலுக்கும் பிறகு தொடர்பு இருக்காது. ஆகவே மெய்ப்பில் கண்ட பிழையை அந்த ஆவணத்தில் மட்டும் திருத்தினால், அடுத்த முறை அதே பிழை திரும்பி வரும். எக்செலில் திருத்தி, உரைக் கோப்பை மறுபடி சேமித்து, பலகத்தில் 'அப்டேட் டேட்டா சோர்ஸ்' கொடுத்து, மாதிரிக் கோப்பிலிருந்து புதிதாக மெர்ஜ் செய்ய வேண்டும். பழைய ஆவணத்தை அதே கோப்புறையில் விட்டுவைத்தால் எது அச்சுக்குரியது என்ற குழப்பம் வரும். அதை உடனே அழித்துவிடுவது என் வழக்கம்.