நம்பர் பிளேட்டை வைத்து நியூட்ரானின் வேகத்தைக் குறைப்போம்

தேவையானவை: ஒரு நோட்டு, பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர். இடம், சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானா. ஏற்காடு ரோட்டில் வண்டி ஓயாது என்பதால் இந்த இடம். ஓரமாக நிழல் பார்த்து நின்றுகொள்ளுங்கள்.

கணக்கின் அடிப்படை

யுரேனியம் 235 அணு பிளவுபடும்போது வெளியே வரும் நியூட்ரானுக்குச் சராசரியாக 20 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் சின்ன அலகு) ஆற்றல் இருக்கும். அடுத்த அணுவை அது எளிதில் பிளக்க வேண்டுமானால் 0.025 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறங்க வேண்டும். கிராஃபைட் (கார்பனின் ஒரு வடிவம்) வைத்த அணு உலையில் இறக்கிவிடுவது கார்பன் அணுக்கள்.

கார்பன் நியூட்ரானைவிட 12 மடங்கு கனம். நேருக்கு நேர் மோதினாலும் 11/13-இன் வர்க்கம், அதாவது 0.716 பங்கு ஆற்றல் நியூட்ரானிடமே மிஞ்சும். லேசாக உரசிப்போனால் ஏறக்குறைய முழுதும் மிஞ்சும். இடையில் எந்த அளவுக்கும் சம வாய்ப்பு.

வண்டியை எண்ணுங்கள்

ஒரு வண்டி, ஒரு மோதல். பிளேட்டின் கடைசி இரண்டு இலக்கத்தை நூறால் வகுத்து, 0.284-ஆல் பெருக்கி, 0.716-ஐக் கூட்டுங்கள். வந்த எண்ணால் கையிலுள்ள ஆற்றலைப் பெருக்குங்கள்.

முதல் வண்டி 37 என்றால் 0.821, 20 லட்சம் 16.42 லட்சமாகும். அடுத்தது 82, 15.58 லட்சம்தான், பெரிதாகக் குறையவில்லை. அப்புறம் 05, ஒரேயடியாக 11.38 லட்சம். காசு கொடுத்து வாங்கிய பேன்சி நம்பர் வந்தால் விட்டுவிடுங்கள், அது தற்செயல் எண் அல்ல.

ஆற்றல் பத்தில் ஒன்றாகக் குறைய 15 வண்டி பிடிக்கும். 0.025 வரை போக சராசரியாக 115. பொறுமையாகச் செய்யுங்கள், சூத்திரத்தில் படிப்பதைவிட இப்படிப் பார்ப்பதுதான் மனதில் நிற்கும். ஒன்று மட்டும்: 1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே போனபின் கார்பன் அணுவின் வெப்ப அதிர்வு நியூட்ரானுக்கே ஆற்றலைத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. நம் கணக்கில் அது இல்லை.

200-க்கும் 6-க்கும் நடுவே

இந்தப் பகுதியை நோட்டில் கோடிட்டு வையுங்கள். எரிபொருளில் 235-உடன் சேர்ந்தே இருக்கும் யுரேனியம் 238 சில குறிப்பிட்ட ஆற்றல்களில் நியூட்ரானைக் கடுமையாக விழுங்கும். அவற்றில் பெரியது 6.67 எலக்ட்ரான் வோல்ட்டில் இருப்பது. சின்னச் சின்ன அடியாக இறங்கும் நம் நியூட்ரான் இந்த 200-க்கும் 6-க்கும் இடையில் மட்டும் சுமார் 22 மோதல்களைக் கழிக்கிறது. அத்தனை நேரமும் பக்கத்தில் யுரேனியம் இருந்தால் தப்புவது கஷ்டம். அதனால்தான் யுரேனியத்தைத் தூளாக்கிக் கலக்காமல், கட்டி கட்டியாகக் கிராஃபைட்டுக்குள் இடைவெளி விட்டு வைக்கிறார்கள். கட்டியைவிட்டு வெளியேறும் நியூட்ரான் கிராஃபைட்டுக்குள்ளேயே இந்த ஆபத்தைத் தாண்டிவிடும். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் ஃபெர்மி குழு இயக்கிய முதல் உலையும் இந்த அமைப்புதான். என் கணிப்பில் உலை வடிவமைப்பின் மிக அழகான யோசனை இது.

ஹைட்ரஜனுக்கு மாற்றுங்கள்

இலக்கத்தை நூறால் வகுத்து அப்படியே பெருக்குங்கள் (00 வந்தால் விடுங்கள்). 18 வண்டியில் முடிந்துவிடும். பிறகு ஏன் கிராஃபைட்? ஹைட்ரஜன் அணு, கார்பனைவிடச் சுமார் நூறு மடங்கு அதிகமாக நியூட்ரானை விழுங்கும். சாதா தண்ணீரில் இயற்கை யுரேனியத்தைக் கொண்டு உலை ஓட்ட முடியாது. கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையத்தில் கனநீர், அதாவது ஹைட்ரஜனுக்குப் பதில் இருமடங்கு கனமான டியூட்டீரியம் உள்ள தண்ணீர். டியூட்டீரியத்துக்கு 0.716-க்குப் பதில் 0.111, 0.284-க்குப் பதில் 0.889 என்று போட்டு எண்ணுங்கள். 25 வண்டி அளவில் நிற்கும்.