இணைப்பை அழுத்தும் முன் முகவரியை வாசியுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு என்றும் வெளிநாட்டு வேலை என்றும் வட்ஸ்அப்பில் இணைப்புகள் வந்தபடியே இருக்கின்றன. பக்கம் அழகாக இருக்கிறது, அரச இலச்சினை இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அவற்றை யாரும் படியெடுத்து ஒட்டலாம்.

முகவரியைத்தான் பார்க்க வேண்டும். இரட்டைச் சாய்கோட்டுக்குப் (//) பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் (/) தேடுங்கள். தளம் யாருடையது என்பதை அதற்கு நேர் முன்னால் உள்ள பகுதியே சொல்லும். இலங்கை அரச தளங்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் ‘ஜிஓவி டொட் எல்கே’ என்று முடியும். அதே எழுத்துகள் நடுவில் வந்து, முடிவில் ‘டொட் கொம்’ இருந்தால் அது அரச தளமே அல்ல. வீட்டில் அம்மம்மாவின் போனிலும் இதை ஒருமுறை காட்டிக்கொடுங்கள். இத்தகைய செய்திகள் அவர்களுக்கும் வருகின்றன.

முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னம் நேர்மைக்குச் சான்று அல்ல. நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் எவரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். அந்தப் பூட்டைக் காட்டவைக்கும் சான்றிதழ் மோசடிக்காரருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. பலரும் அதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் குரோம் உலாவி 2023இல் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது.

கொடுப்பனவு தருவதாகச் சொல்லி ஓடிபி, அதாவது உங்கள் போனுக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண், கேட்டால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். சந்தேகத்தைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ நேரில் கேளுங்கள். விவரங்களை ஏற்கனவே கொடுத்துவிட்டால், முதலில் வங்கியை அழைத்து அட்டையை நிறுத்துங்கள். பிறகு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.