எச்.பி.வி. தொற்று புற்றாகும் முன்பே கண்டறிவது எப்படி?

பாலுறவு வழியே பரவும் எச்.பி.வி. வைரஸ் பெரும்பாலான பெண்களின் உடலிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே நீங்கிவிடுகிறது. நீங்காமல் தங்கிவிடும் சில வகைகள்தான், அவற்றிலும் குறிப்பாக 16, 18 ஆகியவைதான், செல்கள் கட்டின்றிப் பெருகாமல் காக்கும் பி53, ஆர்பி புரதங்களைத் தம் ஈ6, ஈ7 புரதங்களால் முடக்கி, கருப்பைவாய்ச் செல்களைப் படிப்படியாகப் புற்றாக மாற்றுகின்றன. இதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்பதால், இடையிலேயே தடுத்துவிடப் போதிய அவகாசம் இருக்கிறது.

ஆகவே 30 வயதானதும், அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும், மாதவிடாய் இல்லாத ஒரு நாளில் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் கருப்பைவாயில் தொட்டுவைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுதலடைந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். எளிய சோதனைதான், ஆனால் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை இதைச் செய்ததே இப்புற்றுநோய் மரணங்களை 35 சதவீதம் குறைத்தது. நம் ஊரில் தடையாக இருப்பது வலியைவிடக் கூச்சமே.

வெள்ளைத் திட்டு என்றாலே புற்று என்று பொருளில்லை. கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி, தேவையெனில் திசுப் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பின், புற்றுக்கு முந்தைய நிலை என்றால் அப்பகுதியை உறையவைத்தோ வெப்பத்தாலோ அழித்துவிடலாம். உறவுக்குப் பின்போ, மாதவிடாய் நின்ற பின்போ இரத்தம் கசிந்தால், அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மகள்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுங்கள். ஏற்கெனவே உள்ள தொற்றை அது குணப்படுத்தாது. போட்டுக்கொண்டவர்களும் உரிய வயதில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.